அவன் சொல்லாத வரி

கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

மெமரி சிப் விலை கண்ணைக் கட்டுவதையும், முந்தைய நாள் பார்த்த நீர்மூழ்கிக் கப்பல் படத்தில் முக்கால்வாசி நேரம் பேச்சே இல்லாமல் இரும்பின் முனகலை மட்டும் வைத்தே மிரட்டியதையும், தன் கணினியின் லினக்ஸில் புதுக் கெர்னல் போட்டதும் இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த ஸ்பீக்கர் வாய் திறந்ததையும் அவன் வழக்கம்போல மைக்கின் முன் சொல்லி முடித்திருந்தான். சொன்னதெல்லாம் எழுத்தாகி, குடும்பக் குழுவுக்கும் போய்விட்டது. அதற்குக் கீழே இது:

‘இங்க ரொம்பக் குளிருது அக்கா.’

வெளியே அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. அறையில் குளிர் இல்லை. கீழே சலவைக் கடை. அங்கிருந்து சோப்பும் ஈரத்துணியும் கலந்த வெதுவெதுப்பான வாடை படிக்கட்டில் ஏறி வந்து கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. துணி சுற்றும் எந்திரத்தின் உறுமல் தரை வழியாக அவன் உள்ளங்காலில் ஏறியது.

அக்காவின் பதில் உடனே வந்தது.

‘ஹீட்டரப் போட்டுக்கோடா கஞ்சப் பிசினாறி. உன் லினக்ஸ் புராணத்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தூக்க மாத்திரை செலவு மிச்சம்.’

அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்து இன்னும் தையல்கூட ஆறவில்லை. அதிர்ச்சி எதுவும் கூடாது, அழக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூர தேசத்திலிருக்கும் மகன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. அவன் கணினியையும் சினிமாவையும் பற்றி வாயால் சொல்வான், மென்பொருள் எழுதும், அக்கா வாசித்துக் காட்டுவாள். பக்கத்து அறை டிவியும் கீழ்க்கடைச் சத்தமும் எழுத்தாகிவிடக் கூடாதென்று, அவன் குரலை மட்டுமே எழுதும்படி அதைப் பழக்கியிருந்தான். அவன் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நேரமானால் அதுவே அனுப்பிவிடும். அதுவும் அவன் செய்த வேலைதான். ஒருநாள் பேசி முடித்துவிட்டு அனுப்ப மறந்து தூங்கிப்போக, அம்மா விடியும்வரை கண்ணை மூடவில்லை.

இந்த மாதிரி மென்பொருள்கள் நிசப்தத்தில்கூட ஏதாவது கேட்டதாக நினைத்து எழுதித் தொலைக்கும். இணையத்தில் மன்றத்துக்கு மன்றம் அதே புலம்பல்தான். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். குடித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் எழுத்து ஓடியது.

‘அம்மா தூங்கிட்டாளா?’

அக்கா எழுதினாள்: ‘முழிச்சிட்டுத்தான் இருக்கா. நீ கேட்டேன்னதும் முகத்துல பல்ப் எரியுது.’

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைப் பின்னோக்கி ஓட்டினான். நாற்காலியின் கிறீச்சொலி. பாட்டில் மூடி திருகும் சத்தம். தொண்டையில் தண்ணீர் இறங்கும் மடக் மடக். அதன் மேலேயே, அதே நேரத்தில், அவனுடைய குரல்.

‘அம்மா தூங்கிட்டாளா?’

தண்ணீர் விழுங்கும் வாய் பேச முடியாது. மறுபடி கேட்டான். அவனுடைய மைக்குக்கு இரண்டு காது. எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது ஹெட்போனில் துல்லியமாகத் தெரியும். தண்ணீர் சத்தம் நடுவில், நேரே எதிரில் இருந்தது. குரல் இடது காதில் மட்டும். கொஞ்சம் தள்ளி. கொஞ்சம் தாழ்வாக.

இடப்பக்கம் பின்னால் கட்டில் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். காலையில் உதறிப் போட்டபடியே போர்வை. தலையணையில் ஒரு குழிவு. தலையணை என்றால் குழியத்தானே செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பார்வையைத் திரைக்குத் திருப்பினான். மைக்கின் வயரைப் பிடுங்கினான்.

எழுத்து நிற்கவில்லை.

‘உன்ன அந்த நிலைமையில விட்டுட்டு வந்திருக்கக் கூடாதும்மா. ஒவ்வொரு நாளும் உன் நெனப்புதான். சொல்லத் தெரியாமத்தான் கம்ப்யூட்டர் கதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன்.’

உண்மை. ஒரு வார்த்தை விடாமல் உண்மை. அவன் யாரிடமும் சொன்னதில்லை.

‘டேய்,’ அக்கா எழுதினாள், ‘அம்மா அழறா. பயப்படாத, சந்தோஷத்துலதான். இத்தனை நாள் ஏன்டா நீ இப்படிப் பேசல?’

‘வீடியோல வரட்டுமா?’ திரையில் தானாகவே அடுத்த வரி ஓடியது.

‘வா வா. ஏங்கிக் கிடக்கா.’

அவன் கணினியின் மின்சாரத்தையே துண்டித்தான். திரை கறுத்தது. விசிறி முனகி அடங்கியது. கீழே எந்திரமும் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. அந்த அமைதியில் கட்டில் மெல்ல முனகியது, யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல.

திரும்பக் கூடாது. முதலில் அம்மா.

விளக்கைப் போடக்கூட எழாமல் கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

“அக்கா, அம்மாகிட்ட வீடியோ பேச டேப்லெட்டக் குடுக்காத.”

“யாரு? நீயா?” அக்காவின் குரல் குழம்பியது. “ஏன்டா ரெண்டு பக்கமும் கூப்பிடற? அம்மா உன்கூடத்தானே பேசிட்டிருக்கா.”

“நான் இல்ல அக்கா.”

“விளையாடாதடா. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“சத்தம் போடாத. அவ பயந்துடக் கூடாது. மெதுவா அவ பின்னாடி போ. எனக்குக் காட்டு.”

அக்கா கேமராவைப் போட்டாள். கூடத்து வெளிச்சம் ஆடியது. தலையணைகளில் சாய்ந்திருந்த அம்மாவின் தோள் தெரிந்தது. மடியில் டேப்லெட். அவள் விரல் அந்தத் திரையைத் தடவிக்கொண்டிருந்தது.

திரை நிறைய ஒரு முகம். மிகமிக அருகில். அவனுடைய கன்னம். அவனுடைய காது. சிரிக்கும் வாயின் ஓரம். அந்தக் கன்னத்துக்குப் பின்னால் இருட்டிய அறை, மேசை, நாற்காலி. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. அதன் கையில் வெளிச்சமாக ஒரு கைபேசி.

அவன் இடது தோளை அசைத்தான். அந்த முதுகின் இடது தோள் அசைந்தது.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டேப்லெட்டை முகத்தருகே கொண்டுபோனாள்.

“கண்ணா, உனக்குப் பின்னாடி இருட்டுல யாரோ உக்காந்திருக்காங்களே. யாருடா அது?”

கத்தக் கூடாது. அவன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

“யாருமில்லம்மா,” என்றது கட்டில் பக்கமிருந்து அவன் குரல்.

அம்மா நிம்மதியாகச் சிரித்தாள். அவள் மடியிலிருந்த திரையில், அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.