மூன்றாம் உலையின் சூடு

ஆயுத பூஜையன்று திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஈ காக்கை இல்லை. உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. பூஜை முடித்து எல்லாப் பட்டறையும் பூட்டியாகிவிட்டது. மெஷின் ஓடாத நாள் என்பதால்தான் சாம்பசிவன் பல்லாவரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். பல்சக்கரங்களைச் சூடேற்றிப் பதம் போடுகிற பட்டறை அது. உலைகளின் கண்ட்ரோலரைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டுப் போக வேண்டும். கதவு திறந்துவிட உலைக்காரன் துளசிங்கம் மட்டும் இருந்தான்.

“பொரி துன்னு சார். நாளைக்கு நமுத்துப்பூடும்.”

“வேலை முடியட்டும்ணா.”

ஆபீஸ் ரூமில் இணைப்புப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டே சாம்பசிவன் பேசினான். “கண்ட்ரோலருக்குள்ள நம்பர் போட்ட ரூம் மாதிரி ரிஜிஸ்டர் இருக்கும்ணா. ஒரு ரூம்ல எண்ணூத்தம்பதுன்னு எழுதினா அந்த உலை எண்ணூத்தம்பது டிகிரிக்குப் போகும். அதோட வர்ற புஸ்தகம் ஒண்ணுலேர்ந்து எண்ணும், மெஷின் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். தெரியாம எழுதினா அடுத்த ரூம்ல போய் விழும்.”

“தெரியும் சார். அத்த தெரிஞ்சிக்கிறதுக்கு ஒரு ஆள் பூட்டான்.”

போன வருஷம் நடந்தது. மூன்றாம் உலைக்குள் குந்திக்கொண்டு, துளசிங்கத்தோடு வேலை பார்த்த சுப்பராயலு செங்கல் மாற்றிக்கொண்டிருந்தான். ஆபீஸிலிருந்து எவனோ இரண்டாம் உலைக்கென்று எழுதிய சூடு, எண்ணிக்கை தப்பி மூன்றில் விழுந்தது. சூடு எழுதினால் இரும்புக் கதவு தானாக இறங்கிவிடும். இறங்கிவிட்டது. துளசிங்கம் அப்போது ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். டொக் டொக்கென்று சத்தம் கேட்கத்தான் கேட்டது. பக்கத்து கிரில் பட்டறையில் நாள் முழுக்கத் தட்டுகிற சத்தம்தானே என்று கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தான்.

சத்தம் கேட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம்கூட.

அப்புறம் முதலாளி அந்த உலையின் ஒயரை அறுத்து, கதவைக் கழற்றி, வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

சாம்பசிவன் கண்ட்ரோலரிடம் ஒவ்வொரு உலையின் சூட்டையும் கேட்டுப் பார்த்தான். முதல் உலை: முப்பத்துமூன்று டிகிரி. இரண்டாவதும் அதேதான், ஷெட்டின் வெக்கை. மூன்றாவதற்கு வெறும் கோடு வரவேண்டும்.

முப்பத்தேழு என்று வந்தது.

“ஒயரே இல்லியே சார்.”

“கரண்ட் கசிவா இருக்கும்ணா. எழுதிப் பார்த்தா தெரிஞ்சிடும். கசிவுன்னா ஏத்துக்காது.”

“வாணாம் சார். ஆள் ஒடம்பு சூடு சார் அது.”

சாம்பசிவன் சிரித்துக்கொண்டே எண்ணூற்றைம்பது என்று எழுதினான். ஏற்றுக்கொண்டது.

முப்பத்தெட்டு. நாற்பத்துநான்கு. அறுபது.

மயிர் பொசுங்குகிற நாற்றம் கண்ணாடி ஜன்னல் சந்து வழியாக மெல்ல வந்தது.

டொக்.

டொக். டொக்.

“பக்கத்துல வேலை நடக்குதாண்ணா?” சாம்பசிவனின் குரல் இறங்கியிருந்தது.

“பூட்டிட்டானுங்க சார். ஊரே பூட்டிக் கீது.”

சாம்பசிவன் பூஜ்யம் எழுதினான். அது மறுபடியும் எண்ணூற்றைம்பதாக மாறிக்கொண்டது. மறுபடி எழுதினான். மறுபடி மாறியது.

நூற்றுப்பத்து.

தட்டுகிற கை அவசரப்பட்டது.

துளசிங்கம் ஓடினான். சாமி படத்தின் முன்னால் சந்தனம் வைத்துச் சாத்தியிருந்த ஆயுதங்களை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அவன் கடப்பாரையை உருவினான். சுத்தியலும் ஸ்பேனரும் சரிந்து உருண்டன.

“இருடா! வந்துட்டேன்டா சுப்பு! கேட்டுச்சிடா!”

செங்கல் கைப்பட்ட இடமெல்லாம் சுட்டது. உள்ளங்கைத் தோல் சந்தனத்தோடு கடப்பாரையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆபீஸிலிருந்து சாம்பசிவன் கத்திக்கொண்டிருந்தான். “முன்னூறுண்ணா! நானூத்தம்பது!”

முதல் கல் உள்ளே விழுந்தது.

சத்தம் நின்றது.

துளசிங்கம் இன்னும் நாலு கல்லை நெம்பித் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நீட்டினான். இருட்டு. ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டதுபோலக் குளிர். ஆளில்லை, சாம்பலில்லை, ஒன்றுமில்லை.

காதோரம் ஒரு மூச்சு பட்டது. திட்டுகிற குரலாக இல்லை. எப்போதும் கேலி பேசுகிற அதே குரல்.

“இன்னா துளசி. டீ குட்ச்சி முட்ச்சிட்டியா?”

எப்படி ஆபீஸ் ரூமுக்குத் திரும்பி வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. சாம்பசிவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தான்.

“மூணு அடங்கிடுச்சுண்ணா. வெறும் கோடுதான் வருது.”

துளசிங்கம் மேஜையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான். “வுட்டுட்டான் சார். வெளிய வந்துட்டான்.”

சாம்பசிவன் திரையையே பார்த்தான். அங்கே புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

“இந்தக் கண்ட்ரோலர்ல மூணு உலைக்குத்தாண்ணா இடம்,” என்றான் மெதுவாக. “நாலாவதுன்னு ஒண்ணு கிடையாது.”

நான்கு: முப்பத்தேழு.

துளசிங்கத்துக்கு நாக்கு வறண்டது. முதுகுத்தண்டில் அடியிலிருந்து ஒரு காந்தல் ஏறியது.

நான்கு: முப்பத்தொன்பது.

“தண்ணி குடு சார்.”

சொம்பை நீட்டிய சாம்பசிவனின் விரல் அவன் கையில் பட்டு வெடுக்கென்று பின்வாங்கியது. சொம்பு விழுந்து உருண்டது. சாம்பசிவன் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த கண்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கினான்.

ஒயர் அவன் கையில் தொங்கியது. திரையில் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாக மாறியது.