சுஹானா இழுத்துப் பார்த்த கயிறு

சனிக்கிழமை வந்துவிட்டால் சுஹானாவைக் கடையில்தான் பார்க்கலாம். அவளுடைய அத்தா பஷீர், ஜார்ஜ்டவுனில் விவசாய இயந்திரங்கள் விற்கிறார். புல் வெட்ட, மருந்து தெளிக்க, தண்ணீர் இறைக்க, மண்ணைக் கிளற என்று தோட்டத்து வேலை எதற்கும் அவர் கடையில் ஒரு மெசின் இருக்கும்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் சுஹானாவுக்கு அங்கே சொந்தமாக ஒரு பொறுப்பு இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு நேராக வெள்ளை நிறத்தில் ஒரு புது மெசின் நின்றது. அது தானாகவே ஓடி மண்ணைக் கிளறும். கைப்பேசியில் வழி காட்டிவிட்டால் போதும், ஆள் பின்னால் நடக்க வேண்டியதில்லை.

அதன் திரையில் எதைத் தொட்டால் எது வரும் என்பது பஷீருக்குப் பிடிபடவே இல்லை. ஒருமுறை விளக்கைப் போடப் போய், மெசினைக் கொரிய மொழி பேச வைத்துவிட்டார். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கு அதை இயக்கிக் காட்டுவது சுஹானாவின் வேலையாகிவிட்டது.

வந்தவர்கள் ஆசையாகப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாங்கத்தான் யாரும் இல்லை. இந்த மாதமும் விற்காவிட்டால் வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பஷீருக்கு அது மானப் பிரச்சினை. காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அந்த மெசினைத்தான் துடைப்பார்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு வந்தவர் பெயர் நல்லம்மாள். ஐம்பது வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரிப் படகு ஏறி வந்திருந்தார். முன்பு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது வாடகைக்கு நிலம் எடுத்துக் கீரையும் வெண்டைக்காயும் பயிரிட்டுப் பாசார் சந்தையில் விற்கிறார்.

இத்தனை நாளும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் அவருக்கு மண்ணைக் கிளறிக் கொடுத்துவந்தார். அவர் இப்போது பாயான் பாருவில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பாதி நிலத்தில் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறதாம். மழைக்கு முன்னால் விதைக்காவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்கிறாராம்.

பஷீர் அவருக்குச் சிவப்பு நிறச் சின்ன மெசினைக் காட்டினார். கயிற்றை ஓர் இழு இழுத்தால் கிளம்பிவிடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியதுதான், கெட்டுப்போவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று விளக்கினார். நல்லம்மாள் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். உயரம் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

அந்த நேரம் பஷீரின் கைப்பேசி ஒலிக்க, அவர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

சுஹானா வெள்ளை மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தது நல்லம்மாளுக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து, கயிற்றைப் பிடித்து இழுத்தார். பாதி வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். இந்த முறை பாதிகூட வரவில்லை. வலது தோளை இடது கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கயிற்றை இருந்தபடியே வைத்தார்.

பஷீர் திரும்பி வந்ததும் நல்லம்மாள் வெள்ளை மெசினைக் கைகாட்டினார்.

“சிவப்பு வேணாம், பாய். பாக்க பழசா இருக்கு. இதையே குடுங்க.”

பஷீருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. உடனே சுஹானாவைக் கூப்பிட்டு இயக்கிக் காட்டச் சொன்னார். அவளும் திரையைத் தொட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். காட்டும்போதே, பாத்திகள் எப்படி இருக்கும் என்று கேட்டாள். வாழை மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும் என்றார் நல்லம்மாள். அந்த மெசின் திரும்புவதற்கே ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு இடம் வேண்டும் என்பது சுஹானாவுக்குத் தெரியும்.

“தோட்டத்துல போன் லைன் கிடைக்குமா, ஆன்ட்டி?”

“லோங்கான் வாய்க்கா ஓரத்துல ஒரு மண்மேடு இருக்கும்மா. அதுமேல ஏறி நின்னா கிடைக்கும். மழ பேஞ்சா அதுவும் வழுக்கும்.” பைக்குள்ளிருந்து பட்டன் வைத்த சின்னப் போன் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு, “புதுப் போன் வாங்கிப் பழகிக்கிறேன்லா” என்றார். சொன்ன குரலில் தெம்பே இல்லை.

பஷீருக்கு இதெல்லாம் பாதிக் காதில்தான் விழுந்தது. அவர் பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

சுஹானாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளை மெசினில் ஆன்ட்டிக்குப் பிடித்தது திரையும் இல்லை, கைப்பேசியும் இல்லை. அதில் இழுக்கக் கயிறு இல்லை, அவ்வளவுதான்.

அத்தாவின் காதில் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அத்தா நல்லவர். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ‘என்னக்கா, கயிறு இழுக்க முடியலயா?’ என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கேட்டுவிடுவார். ஆன்ட்டி கூசிப்போவார். போன வருஷம் கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிந்ததைச் சுஹானாவும் வெகுநாள் மறைத்தவள்தான். கடைசியில் டீச்சர் அதைச் சத்தமாகக் கேட்டபோது வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அவள் நேராகச் சிவப்பு மெசினிடம் போனாள். கடையில் நிற்கும் மெசின்களில் பெட்ரோல் இருக்காது, அதனால் பயமில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கயிறு கொஞ்சம் வந்தது, பிறகு அவளையே முன்னால் இழுத்துக்கொண்டது. மூக்கு மெசினில் இடிக்காமல் தப்பியது.

“அத்தா, என்னால இத இழுக்க முடியல.”

பஷீர் சிரித்தார். “நீ சின்னப் புள்ளம்மா. வளந்தா தானா முடியும்.”

“அம்மா வளந்துட்டாங்கதானே? போன மாசம் புல்லு வெட்டுற மெசின அவங்களாலயும் இழுக்க முடியல. நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க. இழுக்க முடியாதவங்க தோட்டம் வச்சிருந்தா என்ன செய்வாங்க?”

பஷீர் சிவப்பு மெசினின் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

நல்லம்மாள் சுஹானாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “எனக்கும்தான் முடியல, பாய்” என்றார். தொழிற்சாலையில் தட்டுத் தட்டாகச் சாமான் தூக்கியதில் தோள் போய்விட்டது, டாக்டர் கையை ஓங்கி இழுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னால் ‘உங்களுக்கு எதுக்கு இந்த வயசில் தோட்டம்’ என்று கேட்பார்கள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பஷீர் வெள்ளை மெசினைப் பார்த்தார். பில் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மேசைக்குள் வைத்து மூடினார்.

“அக்கா, இந்த வெள்ளை மெசின் பெரிய வயலுக்குச் செஞ்சது. உங்க தோட்டத்துல விட்டா வாழ மரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க மண்மேட்டுல ஏறி எனக்குப் போன் போடுவீங்க.”

நல்லம்மாளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பஷீர் மோவாயைத் தடவிக்கொண்டார். இதே சிவப்பு மெசினில் சாவி வைத்தது ஒன்று உண்டு, மோட்டார் சைக்கிள் மாதிரிச் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும், சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும், மற்றதெல்லாம் ஒன்றுதான் என்றார்.

“அப்ப அது ஏன் நம்ம கடையில இல்ல, அத்தா?” என்று கேட்டாள் சுஹானா.

“இது வரைக்கும் யாரும் கேக்கலம்மா.”

“இப்பக் கேட்டுட்டாங்க.”

பஷீர் உடனே கிடங்குக்குப் போன் போட்டார். அங்கே ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை தானே வேனில் கொண்டுவந்து தருவதாக நல்லம்மாளிடம் சொல்லி அனுப்பினார்.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, மாதம் முடிந்துவிட்டது. கம்பெனி லாரி வந்து வெள்ளை மெசினை ஏற்றிக்கொண்டு போயிற்று. பஷீர் அதைக் கடைசியாக ஒரு தடவை துடைத்துத்தான் அனுப்பினார். அன்று மாலை அந்தக் காலி இடத்தை அவர் இரண்டு தடவை கூட்டினார். சுஹானாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அவளுடைய பொறுப்பும் அந்த லாரியோடு போய்விட்டதே. இரவு சாப்பிடும்போது, சாவி வைத்த மெசின் இன்னும் இரண்டு வரவழைத்து அந்த இடத்தில் வைக்கலாமா என்று பஷீர் அவளிடம் யோசனை கேட்டார். வைக்கலாம் என்றாள் சுஹானா. பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட வேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பாலத்தைத் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனது. நல்லம்மாள் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வேலியோரம் தயாராக நின்றார். பஷீர் பெட்ரோல் ஊற்றி, எண்ணெய் பார்த்து, மெசினை மண்ணில் இறக்கினார். சாவியைத் தொட அவர் கையை நீட்டுவதற்குள் நல்லம்மாள் முந்திக்கொண்டார்.

சாவி திரும்பியது. மெசின் உறுமியது. வாழை மரத்தில் இருந்த மைனாக்கள் பறந்தன.

நல்லம்மாள் உடனே அதை அணைத்துவிட்டார். எதுவும் கோளாறா என்று பஷீர் பதறிக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல, பாய். இன்னொரு தடவ போட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு.”

மறுபடி சாவி திரும்பியது. இந்த முறை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். லாலாங் வேரெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. கறுப்பு மண் புரண்டு மேலே வந்தது. மெசின் ஒருபக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் திருப்ப, வரிசை பாம்புபோல நெளிந்துகொண்டே போனது. சுஹானா பக்கத்திலேயே ஓடினாள், கால் முழுக்கச் சேறு.

கடைசிவரை போய்த் திரும்பியபோது நல்லம்மாளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. பஷீர் வரிசையைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறதே, வேண்டுமானால் அடுத்ததை நான் நேராக ஓட்டித் தரட்டுமா என்று கேட்டார்.

நல்லம்மாள் கைப்பிடியை விடவில்லை.

“வரிசை கோணலா இருந்தா என்ன, பாய்? கீரை நேராத்தான் முளைக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்கு மெசினைத் திருப்பினார்.