கண்ணைத் திறக்காதே, யசோதினி!

"ஐயோ... அம்மா! கண்ணு!"

காலை ஆறு மணி. தேயிலைத் தோட்ட லயத்தின் கடைசி வீட்டிலிருந்து வந்த அலறலில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியாயி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

மகள் யசோதினி சுவரில் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்! இமைகள் வீங்கி, கண்ணீர் கொட்டி...

"தேய்க்காதடி! மொதல்ல லென்ஸ கழட்டு!"

"வர மாட்டேங்குதும்மா... ஒட்டிக்கிச்சு!"

"மேல பாரு. கீழ் இமைய இழுத்துப் புடி. மெதுவா... மெதுவாடி!"

ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. எரிச்சல்தான் போகவில்லை.

அப்போது போன் அடித்தது! யசோதினி தடவி எடுத்தாள்.

"கண்ணு எரியுதா?"

வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசும் ஆண் குரல்.

"யா... யாரு?"

"இன்னிக்கு பதுளைக் கோட்டுக்கு சாட்சி சொல்லப் போற இல்ல? போகாத. போனா எரிச்சலோட நிக்காது... ஆளே இருக்க மாட்ட!"

டொக்!

"எவன்டி அவன்?"

"சன்னாசி தாத்தாவ கொன்னவம்மா!"

மூன்று நாளைக்கு முன் ஒரு மாலை. மூடுபனி. தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரர் சன்னாசியை, மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினான். இருபதடி தள்ளி நின்ற ஒரே சாட்சி, முன்பள்ளி டீச்சர் யசோதினி.

'மூஞ்ச பாத்தேன். நீதவான் ஐயா முன்னாடி மட்டும்தான் சொல்லுவேன்' என்று பொலிஸில் சொல்லியிருந்தாள்.

பொய்! பச்சைப் பொய்!

அன்று பகல் முழுக்கக் கண் உறுத்தியது. லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டுதான் நடந்து வந்தாள். லென்ஸ் இல்லாவிட்டால் அவளுக்கு இருபதடியில் ஆளும் மரமும் ஒன்றுதான். அவள் பார்த்தது மஞ்சளாக ஒரு கலங்கல். அவ்வளவே!

அதைச் சொல்ல வேண்டியதுதானே?

எப்படிச் சொல்வாள்? விசாரணையின்போது பக்கத்தில் நின்றவள் வருங்கால மாமியார்!

"இருபதடியில நின்ன புள்ளைக்கு மூஞ்சி தெரியலையா? கண்ணுல ஏதும் கோளாறா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

கண்ணாடி போட்ட பெண் என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போகக்கூடாது என்றுதான் இந்த லென்ஸே. தாயையும் மகளையும் தவிர, தோட்டத்தில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

"அப்ப... கண்ணு எரியுறது அவனுக்கு எப்புடித் தெரியும்மா?"

பெரியாயி சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்திருந்த லென்ஸ் தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். குலுக்கினாள். சோப்புத் தண்ணீர்போல் நுரைத்தது! மோந்து பார்த்தாள்.

"சவக்கார வாசம் வீசுதுடி..."

கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே வந்து போயிருக்கிறான்!

"நான் போகலம்மா. பயமா இருக்கு."

"போகலன்னா மாடசாமி கதி? மஞ்ச மழைக்கோட்டு வச்சிருந்த பாவத்துக்கு உள்ள கெடக்கான். மூணு புள்ளைங்க. போயி, ஒண்ணும் பாக்கலன்னு நெசத்த சொல்லிரு."

"நெசத்த சொன்னா கல்யாணம்...?"

பாம்... பாம்!

வாசலில் வேன். மாப்பிள்ளை ஜெயகுமார்!

"அத்தே! கோட்டுக்கு நேரமாச்சு. யசோ ரெடியா?"

"கண்ணுல தூசி விழுந்துருச்சி மாப்ளே. மொதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இருங்க, நானும் வாறேன்."

"எங்க ஒக்காருவீங்க? பின்னால பூரா சந்தைக்குப் போற வெலிமடை லீக்ஸ் மூட்ட. நீங்க பஸ்ல வாங்க."

பெரியாயி வேனின் பின்கதவைப் பார்த்தாள்.

"சரிங்க மாப்ளே. வெளிக்கிடுங்க."

ஈரத் துணியைக் கண்களில் கட்டிக்கொண்டு யசோதினி ஏறினாள். வேன் உறுமியது. வளைவுகள்... வளைவுகள்...

"யசோ... அன்னிக்கு பாத்தியே, அது யாரு? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"கோட்டுல சொல்றேங்க."

"கட்டிக்கப் போறவன்கிட்ட கூட சொல்ல மாட்டியா?"

"பயமா இருக்குங்க."

அவன் சிரித்தான்.

"சரி விடு. ரொம்ப எரியுதா? அந்த லென்ஸ் தண்ணிய இனி தொடாத. வேற போத்தல் வாங்கித் தாறேன்."

யசோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

லென்ஸ்!

யாருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை நாள் ஒளித்தார்களோ... அவனுக்கே தெரிந்திருக்கிறது!

நேற்று மத்தியானம் இவள் வீட்டுக்கு அவன் வந்தான். 'சாமி கும்பிட்டுட்டு வாறேன்' என்று உள்ளே போனான். தனியாக! சாமி படத்துக்கு முன்னால்... இல்லை, பின்னால்!

"வண்... வண்டிய நிப்பாட்டுங்க. வாந்தி வருது."

"நிப்பாட்டத்தான் போறேன்."

வேன் நின்றது. கீழே ஆற்றின் இரைச்சல். அதே பாலம்!

சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ உருவி மாட்டிக்கொள்ளும் சத்தம். சரசர... சரசர...

"தொழிற்சாலையில தேயில மூட்டைய களவா ஏத்துனேன். கெழவன் பாத்துட்டான். கெழவன தள்ளுனேன்... நீ பாத்துட்ட. கண்ணு கொட்டாம என்னையே பாத்துக்கிட்டு நின்னியேடி! நேத்து சாமி படத்துக்குப் பின்னால அந்தப் போத்தல பாத்ததும் எனக்கு வழி கெடச்சிச்சு!"

"சத்தியமா ஒண்ணும் தெரியலங்க! அன்னிக்கு நான் லென்ஸே போடல!"

"நீதவான்கிட்ட சொல்லப் போறவளுக்கு ஒண்ணும் தெரியலையாம்! யாருக்கிட்ட கத வுடுற?"

அவள் சொன்ன ஒரே உண்மையை நம்ப அங்கே ஆள் இல்லை!

மணிக்கட்டில் இரும்புப் பிடி. அவன் இருந்த இடத்திலிருந்தே எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. துணியைப் பிடுங்கி எறிந்து கண்களைத் திறந்தாள். தீ! அந்தத் தீக்கு நடுவே...

மஞ்சள் கலங்கல்!

"அம்மாஆஆ!"

"இங்கதான்டி இருக்கேன்" என்றது லீக்ஸ் மூட்டை.

ஜெயகுமார் திரும்ப முயன்றான். முடியவில்லை. கழுத்தில் கவ்வாத்துக் கத்தி! தேயிலைச் செடியை ஒரே வீச்சில் அரியும் கத்தி!

"கைய எடுங்க மாப்ளே. இந்தக் கத்திக்குச் செடியும் ஒண்ணுதான், கழுத்தும் ஒண்ணுதான்."

"நீ... நீங்க பஸ்ல..."

"தாலி ஏறுறதுக்கு முந்தி பொண்ண தனியா அனுப்ப நான் என்ன கூறு கெட்டவளா? அதுவும் காலையில அப்புடி ஒரு போன் வந்த பொறகு? அவ முன்னால ஏறயில நான் பின்கதவால ஏறிட்டேன். யசோ, சாவிய உருவுடி!"

தடவித் தடவி அவள் சாவியை உருவினாள். லுணுகலையிலிருந்து வந்த முதல் பஸ் நின்றது; கொண்டக்டரும் ஆட்களும் அவனைக் கயிற்றில் கட்டினார்கள்.

மத்தியானம். பதுளை டவுனில் கண் டாக்டர் நப்லா, உப்புத் தண்ணீர் விட்டு விட்டுக் கண்களைக் கழுவினார்.

"டாக்டர்... பார்வை போயிருமா?"

"போகாது. உடனே கழட்டினதால தப்பிச்சீங்க. லென்ஸோட தூங்குவீங்களா?"

"விருந்தாளிங்க தங்குனா... ஆமாங்க."

"கழுவுறது?"

"அவசரத்துக்கு மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியில."

"அதான் முந்தியே கண்ணுல அழற்சி. சவக்காரம் பிறகு சேர்ந்தது. ஒரு மாசத்துக்கு லென்ஸ் கூடாது. தேய்க்கக் கூடாது. ஈரத் துணி வைங்க, மருந்து விடுங்க. கண்ணாடி போடுங்க."

கதவோரம் நின்ற இன்ஸ்பெக்டர் மிப்ரான் தொண்டையைச் செருமினார்.

"மாடசாமிய விடச் சொல்லியாச்சு. ஜெயகுமார் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். ஆனா தங்கச்சி, அன்னிக்கு அவன் மூஞ்ச நீங்க பாத்ததா, இல்லையா?"

யசோதினி தலையைக் குனிந்தாள்.

"இல்ல சேர். பொய் சொல்லிட்டேன். கண்ணாடி போடுற பொண்ணுன்னு தெரிஞ்சா மாப்ள கெடைக்காதுன்னு..."

பெரியாயி மடியிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து மகள் மூக்கில் மாட்டினாள்.

"போட்டுக்கடி! இத மொதல்லயே போட்டிருந்தா பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவன் மூஞ்சி தெரிஞ்சிருக்கும்... அவனுக்கு ஊத்துன ஒரு பிளேன்டீயாவது மிச்சமாயிருக்கும்!"