காதோரம் பேசும் முக்காலி

அம்மா படிக்க வந்த நாடு அது. பேச்சு வேறு, குளிர் வேறு. அம்மா மண்ணைப் பற்றிப் படிக்கிறாள். அதனால் சந்தையில் கிழங்கைக் கையில் எடுத்தால், முதலில் அதில் ஒட்டியிருக்கும் மண்ணைத்தான் பார்ப்பாள்.

"கிழங்கு வாங்க வந்தியாம்மா, மண்ணு வாங்க வந்தியா?" என்று சுண்டு கேட்பாள்.

சுண்டு என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். அவளுக்கு வயது பத்து. பார்த்தால் எட்டு என்பார்கள்.

சனிக்கிழமைதோறும் இருவரும் தெருச் சந்தைக்குப் போவார்கள். இதுவரை தின்னாத ஒன்றைத் தின்று பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் மூன்று வாயாவது தின்றாக வேண்டும். அதுதான் சட்டம். காரமா, இனிப்பா, உள்ளே என்ன என்று விசாரிப்பது சுண்டுவின் வேலை. பள்ளிக்கூடத்தில் விளையாடி விளையாடியே அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகியிருந்தது. அம்மாவுக்குப் புத்தகம் புரியும். மீன்காரர் பேசினால் புரியாது.

அன்றைக்கு ஊரையே மூடுபனி மூடியிருந்தது.

சந்தைத் தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு பழைய கல் கூரை உண்டு. பெரிய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அதன் அடியில் வட்டமாகக் கடைகள். மதிய ஓய்வு நேரம் என்பதால் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று இறங்கின. ஆட்கள் கலைந்தார்கள். பனி மெல்ல உள்ளே புகுந்து எதிர்ப்பக்கக் கடைகளை விழுங்கியது.

சூப்புக் கடை மட்டும் திறந்திருந்தது. அம்மா, மூடிக்கொண்டிருந்த பக்கத்துக் கடையில் கடைசிக் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுண்டு ஓரமாகக் கிடந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்து சூப்பைக் குடித்தாள்.

"ஐயையோ, அதுல உட்காராத!" என்றார் சூப்பு அக்கா. "அது பேய் முக்காலி. காதுல யாரோ பேசுவாங்க. என் மாமியார் காலத்துல இருந்து யாரும் உட்கார்றதில்ல."

"என்னக்கா பேசும்?"

"இருந்து கேட்டாத்தானே தெரியும்? அதுக்குள்ள எல்லாரும் ஓடிடுறாங்களே!"

சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனார். சந்தை அமைதியானது.

"யாராவது... வாங்களேன்..."

சுண்டுவின் காதுக்குள் ஒரு குரல். யாரோ தோளுக்குப் பின்னால் குனிந்து பேசுவது போல அவ்வளவு பக்கத்தில்! வெடுக்கென்று திரும்பினாள். யாரும் இல்லை. தூண் இருந்தது. பனி இருந்தது.

"அம்மாடி..." என்று முனகியது குரல்.

சுண்டு துள்ளி எழுந்தாள். கத்தரியால் வெட்டியது போலக் குரல் நின்றது. அவள் அம்மாவை நோக்கி ஓடினாள். ஆனால் பாதியிலேயே கால் தயங்கியது. பயமுறுத்த வந்த பேய் எதற்கு முனக வேண்டும்?

'பேயாவே இருந்தாலும், பாவம், வலிக்கிற பேய்' என்று நினைத்தாள்.

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "யாரு நீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

காதுக்குள், "ஐயோ! நீ யாரு? பேயா?"

"நான் சுண்டு. நீங்கதானே பேய்!"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு... நிமிர முடியல. கத்தவும் முடியல... அடுப்பு எரியுது. அண்டாவுல தண்ணி வத்திப்போச்சு..."

"எந்தக் கடை?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. விடாத இருமல்.

"அம்மா! அக்கா!" என்று சுண்டு அலறினாள். இருவரும் ஓடி வந்தார்கள். குரல் சொன்னதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"பேய்க்கு ஏதும்மா இடுப்பு?" என்றார் அக்கா. சுற்றிப் பார்த்தார். "எல்லாக் கதவும் இறங்கியிருக்கே. இந்தப் பனியில எதைன்னு போய்த் தட்டறது?"

அம்மா முக்காலியருகே குனிந்து காதைக் கொடுத்தாள். "ஆமா, யாரோ இருமறாங்க. நிமிர்ந்தா கேக்கல!"

சுண்டுவின் கையில் காலிக் கிண்ணம் இருந்தது. பளபளவென்ற எவர்சில்வர். இடப்பக்கம் தொங்கிய விளக்கின் ஒளி அதற்குள் விழுந்து, வலப்பக்கத்தில் ஒரு சின்னப் பிறை போலக் குவிந்திருந்தது. அவள் கிண்ணத்தோடு விளக்கின் மறுபக்கத்துக்குப் போனாள். இப்போது விளக்கு வலப்பக்கம், பிறை இடப்பக்கம்!

சுண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள். கையில் ஒரு கிண்ணம். தலைக்கு மேலே ஒரு கிண்ணம்.

"அம்மா! வெளிச்சம் வளைவுல பட்டு எதிர்ப்பக்கத்துல ஒரே இடத்துல சேருது. குரலும் இந்தக் கூரையில பட்டு அப்படித்தான் சேருது. சேர்ற இடம் இந்த முக்காலி. அப்போ பேசுறவர் நேர் எதிர்ல இருக்கார். முக்காலி குட்டை, அதனால அவரும் கீழே, தரையோட தரையா!"

சொல்லிக்கொண்டே பனிக்குள் ஓடினாள்.

கூரையின் நடுவில் வந்தபோது பின்னால் தடதடவென்று பல கால்கள் துரத்தின. நின்றாள். அவையும் நின்றன. 'என் காலடிதான். கிண்ணம் திருப்பித் தருது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

நேர் எதிரே ஒரு கதவு மட்டும் தரையைத் தொடாமல் முழங்கால் உயரத்தில் நின்றது. அடியில் புகை கசிந்தது.

அம்மாவும் அக்காவும் கதவைத் தூக்கிப் பார்த்தார்கள். அது சிக்கிக்கொண்டிருந்தது. சுண்டு மூக்கைப் பாவாடையால் பொத்திக்கொண்டு படுத்து, பல்லி போல உள்ளே நுழைந்தாள். அடுப்பின் திருகை மூடினாள். பிறகு உள்ளே இருந்த கொக்கியை விடுவித்தாள். கதவு சடாரென்று மேலே போனது.

மேசைக்கு அடியில், மாவு மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி ஒருவர் கேள்விக்குறி போல வளைந்து கிடந்தார்.

"அட, ஆவி உருண்டை விக்கிற நம்ம உருண்டைக்காரர்!" என்றார் அக்கா. "வீட்டுக்குப் போயிட்டார்னுல்ல நினைச்சேன்!"

உருண்டைக்காரர் கண்ணைத் திறந்து சுண்டுவைப் பார்த்தார். "பேய் இவ்வளவு குட்டியா இருக்கே!"

"பேய் இவ்வளவு குண்டா இருக்கீங்களே, மாமா!" என்றாள் சுண்டு. சிரித்தால் இடுப்பில் வெட்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அக்கா மருத்துவரை அழைத்துவர ஓடினார்.

அடுத்த சனிக்கிழமை உருண்டைக்காரர் இடுப்பில் அகலப் பட்டையோடு கடைக்கு வந்திருந்தார். ஆவியில் வெந்த உருண்டைகளைச் சுண்டுவுக்கு முதல் தட்டாக வைத்தார். அவள் மூன்று வாயோடு நிற்கவில்லை.

பிறகு சூப்புக் கடைக்கு வந்தாள். பெரிய மீசைக்காரர் ஒருவர், விவரம் தெரியாமல், அந்தக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் முகம் வெளிறியது. ஓட எழுந்தார்.

சுண்டு அவர் சட்டையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க மாமா. எதிர்க்கடைக்காரர்தான் உருண்டை எத்தனைன்னு கேக்கறார். 'ரெண்டு'ன்னு மெல்லச் சொல்லுங்க, சூடா வந்துடும்."