இருபத்து நான்கு மணி நேரம் யாரும் தொடக் கூடாது

ஜூனியின் அப்பா வெர்ன், ஒரே கண்ணாடியை இரண்டு முறை ஒட்டிவிட்டார். இரண்டு முறையும் அது பிய்த்துக்கொண்டது.

அது அவருடைய சிவப்புக் காரின் பின்கண்ணாடி. அந்தக் காருக்குத் துணிக் கூரை. வேண்டும்போது மடித்துத் திறந்துகொள்ளலாம். கண்ணாடி அந்தத் துணியோடுதான் ஒட்டியிருக்க வேண்டும். இப்போதோ அதன் மேல் விளிம்பு துணியை விட்டு விலகி, 'ஆ'வென்று நின்றது. இப்படியே கூரையை மடித்தால் கண்ணாடி தூள்தூளாகிவிடும்.

மறுநாள் சனிக்கிழமை, லொரேட்டா அத்தைக்குக் கல்யாணம். வீட்டுப் புல்வெளியில் திருமணம், பிறகு ஏரிக்கரை மண்டபத்தில் விருந்து. முக்காடு காற்றில் பறக்க, திறந்த காரில் விருந்துக்குப் போக வேண்டும் என்பது அத்தையின் வெகுநாள் ஆசை. கார் இல்லையென்றால் மாப்பிள்ளை கிளைடின் வேன்தான். கிளைட் குழாய் வேலை செய்பவர். வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கழிப்பறைப் படம். அதில் ஏறுவதற்கு நடந்தே போய்விடுவேன் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

வெர்னிடம் ஒரே ஒரு டியூப் பசை மிச்சமிருந்தது. ஊரில் ஒரே கடை, அங்கேயும் தீர்ந்துவிட்டது.

ஜூனி பின் சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடியை இரு கைகளாலும் மேலே தாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா ஏதோ நினைத்துக்கொண்டு கூரையின் முன் கொக்கியைக் கழற்றினார். கூரை கொஞ்சம் தளர்ந்தது. உடனே பின்னால் இருந்த இடைவெளி தானாகவே மூடிக்கொண்டது!

ஜூனி அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கொக்கியை மாட்டுங்க. இப்போ கழட்டுங்க. பாத்தீங்களா? மாட்டினா துணி விறைப்பா ஆயிடுது. அதுதான் கண்ணாடியை விட்டு இழுத்துக்குது. தளர்வா வெச்சு ஒட்டணும்ப்பா."

வெர்னுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவனுக்கு நீ சொல்லித் தர்றியா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கொக்கியை நான்கு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"சரி, தளர்வாவே ஒட்டுவோம். ஆனா பசை காயறவரைக்கும் கண்ணாடியை யாரு தாங்கிப் பிடிக்கிறது? இருபத்து நாலு மணி நேரம்னு போட்டிருக்கான்."

ஜூனி வீட்டுக்குள் ஓடினாள். ஏரியில் மிதப்பதற்காக வாங்கி வைத்திருந்த காற்று மெத்தையைக் கொண்டுவந்தாள். அப்பா விளிம்பில் பசையைப் பிதுக்கியதும், மெத்தையைப் பின் சீட்டில் வைத்து, கண்ணாடி துணியைத் தொடும்வரை ஊதினாள். கன்னம் இரண்டும் சிவந்துவிட்டன. துணிக்கு மேலே அமுக்குவதற்கு அப்பாவின் கம்பளிக் காலுறைகளில் மணலை நிரப்பி, விளிம்போரமாக வரிசையாக வைத்தாள். துவைத்த காலுறைகளா என்று அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்தபோது மணி மூன்று பத்து. ஜூனி ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் காரின் முன்கண்ணாடியில் செருகினாள்: 'நாளை 3.10 வரை தொடாதே. அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.'

மறுநாள் கல்யாணம் இரண்டரை மணிக்கு ஆரம்பித்தது. நீட்டி முழக்குவதில் பேர்போன போதகர், அன்றைக்குப் பார்த்து, பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். கூட்டம் முழுக்க, கார் நின்ற ஷெட்டின் வாசலுக்கு வந்துவிட்டது.

ஜூனி காருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

இருபத்தைந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்றார் கிளைட்.

"இன்னைக்குக் கல்யாணம்னு பசைக்குத் தெரியாதே, மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைக் கவுனோடு அதன்மேல் உட்கார்ந்தாள். "என் மருமக சொன்னா சொன்னதுதான். யாராவது எனக்கு ஒரு சாண்ட்விச் கொண்டாங்க."

சரியாக மூன்று பத்துக்கு ஜூனி அட்டையை எடுத்தாள். காலுறைகளை அகற்றினாள். மெத்தையின் மூடியைத் திறந்துவிட்டாள். காற்று புஸ்ஸென்று இறங்கியது.

அப்பா முன் கொக்கியை மாட்டினார். துணி விறைத்தது. முன்பு இரண்டு முறையும் துணி இப்படி விறைத்து இழுத்ததால்தான் பிய்த்துக்கொண்டது. ஜூனி விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு நூல்கூட நுழையாது.

"திறக்கலாமா?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

"திறங்கப்பா."

கூரை மெல்ல எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது. கண்ணாடியும் துணியோடு சேர்ந்து பத்திரமாகப் படுத்துக்கொண்டது. அத்தை கையில் பாதி சாண்ட்விச்சோடு பின் சீட்டில் தாவி ஏறினாள்.

போதகர் வெர்னின் கையைப் பிடித்துக் குலுக்கி, அருமையாக ஒட்டியிருக்கிறீர்கள் என்றார்.

வெர்ன் முன் சீட்டின் கதவைத் திறந்து ஜூனியை உட்காரவைத்தார்.

"நான் பசையைப் பிதுக்கினேன், அவ்வளவுதான். ஒட்டினது இவ."