நின்ன இடம்

தம்பியை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். குறும்பு செய்து வாங்கிய பெயர் அல்ல அது. அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவான். அதனால் அக்காவின் வால். அக்காவுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவள்தான் பெரியவள்.

அன்று காலை பெரியவளுக்கு ஒரே ஒரு வேலைதான். வாலுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவும் அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

அம்மா துணிக் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுபவள். ஒரு நாள் மெஷின் ஊசி அவள் வலது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அம்மா ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் கறுத்தது. பக்கத்து விரலும் கறுத்தது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி புள்ளைங்கள ஒரு தடவை பாத்துடணும்" என்று அம்மா கேட்டிருந்தாள். அப்பாவால் அவள் பக்கத்தை விட்டு வர முடியாது. மாடி வீட்டு அத்தையின் போனுக்குக் கூப்பிட்டார்.

"பெருசு, வழி தெரியும்ல?"

"தெரியும்ப்பா. பெரிய ஸ்டேஷன்ல இறங்கி வேற ரயில் மாறணும்."

"தம்பிய விட்டுடாத."

"விடமாட்டேன்ப்பா."

சொன்னாளே தவிர, விட்டுவிட்டாள்.

அவர்கள் ஏறியது கடைசிப் பெட்டி. உட்கார இடம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த கம்பியை வாலு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். பெரியவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்து இறுக்குதுக்கா."

"இறுக்கட்டும். தொலைஞ்சு போறதுக்கு அது தேவலை."

"நான் என்ன குடையா, தொலைஞ்சு போறதுக்கு?"

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனசு ஆஸ்பத்திரியில் இருந்தது.

பெரிய ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்ததும் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டார்கள். யாரோ ஒருவருடைய பெட்டி அவள் முழங்காலில் இடித்தது. முதுகில் ஒரு தள்ளு. அடுத்த நொடி அவள் பிளாட்பாரத்தில் நின்றாள். கையில் காலர் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய முதுகுகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்திருந்த இரண்டு சின்னக் கைகள் மட்டும் தெரிந்தன.

கண்ணாடியைத் தட்டினாள். ரயில் போய்விட்டது.

பிளாட்பாரத்தில் இருந்த காவலாளி அவளிடம் வந்தார். நடந்ததைக் கேட்டதும் அடுத்த ஸ்டேஷனுக்கு போன் போட்டார். "ஆறு வயசுப் பையன். நீலச் சட்டை. தனியா இறங்குனா பிடிச்சு வைங்க."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. அங்கே எந்தப் பையனும் இறங்கவில்லை. அதற்கு அடுத்த ஸ்டேஷனிலும் இல்லை.

காவலாளி நெற்றியைத் தேய்த்தார். "யாராவது கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

 பெரியவளுக்குக் கெட்ட கெட்ட எண்ணமாக வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் வாலு இல்லாமல் எப்படிப் போய் நிற்பது?

'அழுதா யோசிக்க முடியாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாலு இப்போது என்ன செய்வான்? வேறு பையன்கள் என்ன செய்வார்கள் என்பது இல்லை. வாலு என்ன செய்வான்?

மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அவனிடம் ஒன்றைச் சொல்லுவாள். "எங்கள விட்டுப் பிரிஞ்சுட்டா நின்ன இடத்தவிட்டு நகராத. நாங்க தேடி வருவோம்." ஒரு தடவை நிஜமாகவே பிரிந்துவிட்டான். மழை பிடித்துக்கொண்டது. நாலு அடி தள்ளி ஒரு கடைக் கூரை இருந்தும், அவர்கள் வரும்வரை நனைந்துகொண்டே நின்றான்.

"அண்ணே," என்றாள் காவலாளியிடம். "அவன் எங்கயும் இறங்கியிருக்க மாட்டான். ரயில்லயேதான் நிப்பான்."

"சின்னப் பையன்மா. பயந்துபோய் இறங்கியிருப்பான்."

"பயந்தா நகரவே மாட்டான். நின்ன இடத்துலயே நிக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவன் நின்ன இடம் அந்தக் கம்பிதான்."

காவலாளி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரயில்தான் நகருதே."

"அது அவனுக்குக் கணக்கு இல்லண்ணே."

அவர் கடைசி ஸ்டேஷனுக்கு போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. "அந்த ரயில் இந்நேரம் அங்கேருந்து திரும்பியிருக்கும்," என்றார். "எதிர்ப்பக்கம் வரும். வா."

இருவரும் மேம்பாலப் படிகளில் ஏறி ஓடி, எதிர்ப் பிளாட்பாரத்தில் இறங்கினார்கள். கடைசிப் பெட்டி நிற்கும் கோடியை நோக்கி ஓடும்போது பெரியவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் இல்ல. ரயில் திரும்பாம அப்படியே பின்னாடிதானே வரும்? அப்ப கடைசிப் பெட்டிதான் முதல் பெட்டி."

"அட, ஆமா. நான் ஒரு மடையன்," என்றார் காவலாளி. இருவரும் வந்த வழியே ஓடினார்கள்.

ரயில் வந்தது. முதல் பெட்டியின் கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கம்பி தெரிந்தது. கம்பியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் அழுத்தி வைத்துக்கொண்டு, வாலு நின்றிருந்தான்.

அவள் உள்ளே பாய்ந்து அவனை இழுத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"எல்லாரும் இறங்கு இறங்குன்னாங்க," என்றான் வாலு. "ஒரு ஆளு கையப் பிடிச்சு இழுத்தாரு. நான் இறங்கவே இல்ல."

"அழுதியா?"

"நான் அழல. மூக்குதான் அழுதுச்சு."

அடுத்த ரயிலில் காவலாளியே அவர்களை ஏற்றிவிட்டார். அது போய்ச் சேரும்வரை பெரியவள் அவன் மணிக்கட்டை விடவே இல்லை. அங்கே அவள் விரல்களின் தடம் சிவப்பாகப் பதிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பா ஒரு மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"உள்ள கொண்டு போயிட்டாங்க," என்றார். "கதவு வரைக்கும் தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போனா."

"நான் தம்பிய விட்டுட்டேன்ப்பா."

முழுவதையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டை நுனியால் வாலுவின் மூக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டார். 

அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது அவள் கை பந்து மாதிரி இருந்தது. அவ்வளவு கட்டு. கண் பாதிதான் திறந்தது.

"வந்துட்டீங்களா?"

"லேட்டாயிடுச்சும்மா," என்றாள் பெரியவள்.

"வந்துட்டீங்கல்ல." அம்மாவின் உதடு காய்ந்திருந்தது.

வாலு கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் நடக்கும்போது அவன் எப்போதும் அம்மாவின் ஆள்காட்டி விரலைத்தான் பிடித்துக்கொள்வான். "அந்த விரல் இல்லையா?" என்று கேட்டான். "இனிமே எதைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறது?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்து, ஒரு விரலை நீட்டினாள். வாலு பிடித்துப் பார்த்தான்.

"இது கொஞ்சம் ஒல்லியா இருக்கு," என்றான்.

"பழகிடும்," என்றாள் அம்மா. அப்படியே தூங்கிப்போனாள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று அப்பா அனுப்பிவைத்தார். மாடி வீட்டு அத்தை சாப்பாடு போடுவாள். பெரியவளும் வாலுவும் மறுபடியும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். வேலை விட்ட கூட்டம் காலையில் இருந்ததைவிட அதிகம்.

"இங்க பாரு," என்றாள் பெரியவள். "மறுபடியும் கை விட்டுப்போச்சுன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடு. இறங்கி பிளாட்பாரத்துலயே நில்லு. நான் அடுத்த ரயில்ல வந்துடுவேன்."

வாலு யோசித்தான். "நின்ன இடத்தவிட்டு நகரக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களே. அது தப்பா?"

"தப்பு இல்ல. அம்மா சொன்னது மார்க்கெட்டுக்கு."

"அப்ப ரயிலுக்கு?"

ரயில் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. பெரியவள் குனிந்து, அவன் கையில் தன் ஆள்காட்டி விரலைக் கொடுத்தாள்.

"ரயிலுக்கு நான் சொல்றேன்," என்றாள்.