சங்கில் நின்ற நீர்

சங்கிலிருந்த நீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. சாமி அலமாரி முன்னால் நின்றவன் அசையாமல் பார்த்தான். அடியிலிருந்து இன்னொன்று. மறுமுனையில் யாரோ வாய் வைத்து மெல்ல ஊதுவதுபோல.

"ஊதுற சங்குல தண்ணி நிக்காதும்பாங்க. இதுல சொட்டுகூட ஒழுகல பாருங்க," என்றாள் மனைவி. "எல்லாம் மாமா ஆசீர்வாதம்."

தலையாட்டினான். ஏன் ஒழுகவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சைப் பறித்தாலும் மூச்சை விட்டுவைத்திருந்தது. பூஜையில் ஊதிய சங்கே அவருக்குக் குரலாயிற்று. தாகமென்றால் ஊதுவார், எழுந்து போக வேண்டுமென்றால் ஊதுவார். வீட்டிலிருந்தே வேலை பார்த்த மகனுக்கு, மீட்டிங் நடுவில் அது மானத்தை வாங்கியது. ஒருநாள் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மெழுகை உருக்கி ஊதுவாயை அடைத்தான். மீட்டிங் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான். மறந்துபோனான். யாரும் வராததால் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போயிருக்கிறார். குளியலறை ஈரத்தில் கிடந்தார், உதட்டோடு சங்கு. மனைவி கடையிலிருந்து திரும்புவதற்குள் அதைப் பிடுங்கித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டான். ஒரு சத்தம்கூட வரவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அது பொய்யில்லை.

குமிழியைப் பார்த்த மறுநாள் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மழை மூடிய பிற்பகல். அணைந்த திரியின் கருகல் வாசனையும் சுவரின் ஈர வாடையும் கலந்து கிடந்த வீட்டில், ஜன்னலில் சொட்டும் நீருக்கு நடுநடுவே, அலமாரியிலிருந்து அந்தக் குமிழிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியவில்லை. நீரைக் கொட்டிவிட்டு ஊக்கால் மெழுகைக் குத்திக் குத்தி எடுத்தான். கடைசித் துணுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

"மன்னிச்சிருங்கப்பா."

சங்கை வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தான். நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஹெட்போனைக் கழற்றியபோது மழை நின்றிருந்தது. வீடே நிசப்தம்.

அலமாரியில் சங்கு இல்லை.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஈரத் தரை. தரைக்கு ஒரு சாண் மேலே, எதன்மீதும் படாமல், சங்கு. நடுங்கியது. அதன் பின்னால் இரண்டு கன்னங்கள் உப்பின. இன்னும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது.

மெழுகை எடுத்த பிறகும் சத்தம் மட்டும் வரவில்லை. அப்பாவின் கண்கள் அவனையே பார்த்தன.